மாண்ட்ரூ ஏரிக்கரையில் ஏழு இரவு, அம்மாவோடும் மகளோடும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோவை செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் இரண்டாம் பாதியில், மகளுக்குப் பள்ளி திறப்பதற்குள், சுவிட்சர்லாந்து போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. நடப்பார், ஆனால் படி ஏறினால் அன்று இரவு தூங்க மாட்டார்.

இரண்டு மூன்று டிராவல்ஸில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: சூரிச்சில் இறங்கி, லூசர்ன் ஒரு நாள், டிட்லிஸ் ஒரு நாள், இண்டர்லாகன், யுங்ஃப்ராவ், ஜெர்மாட், கடைசியில் ஜெனீவா. தினமும் காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். அதைக் கேட்டபோதே எனக்குக் களைப்பாகிவிட்டது. அப்பா போன பிறகு அம்மா வெளியூரே போகவில்லை. "மலை எல்லாம் வேண்டாம்டா, தண்ணி பக்கத்துல உக்காந்தா போதும்" என்றுதான் கேட்டார். அதனால் ஒரே ஊரில் தங்கி, ஏரிக்கரையில் நடந்து, தோன்றினால் படகில் போய், தோன்றாவிட்டால் அறையிலேயே இருந்துவிட்டு வருகிற மாதிரி ஒரு விடுமுறை வேண்டும்.

படங்களைப் பார்த்ததில் மாண்ட்ரூ பிடித்தது. ஏரிக்கரை முழுக்க பூச்செடி, பனைமரம் மாதிரி ஏதோ மரங்கள், பழைய காலத்து மஞ்சள் திரை போட்ட ஹோட்டல்கள். ஆனால் ஏழு நாளும் ஒரே ஊர் போரடிக்குமா? அம்மாவுக்கு அங்கே நடக்க வசதிப்படுமா? நாங்கள் சைவம் வேறு. லூசர்ன், லுகானோ இரண்டில் ஒன்று இதைவிடத் தேவலையா? போய் வந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

வானதி பெங்களூர்

செந்தில், உங்கள் அம்மா சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன முறை ஏழு நாளில் ஐந்து ஊர் பார்த்தோம். மாமனார், மாமியார் இருவரும் கூட வந்தார்கள். இன்று என்னிடம் லூசர்ன் எப்படி இருந்தது என்று கேட்டால் மரப்பாலத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாலத்தில் நின்ற பத்து நிமிடமும் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஒரு நாள் மாலை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்றார். இருக்க முடியவில்லை, கிளம்ப வேண்டியிருந்தது. அவர் இப்போது இல்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஊரைப் பொறுத்தவரை லூசர்ன் அழகுதான், ஆனால் சுற்றுலாக் கூட்டம் அதிகம், பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். லுகானோ இத்தாலி மொழி பேசும் பக்கம், வெயில் அதிகம், வெகு அழகு, ஆனால் நீங்கள் ஜெனீவாவில் இறங்கினால் தூரம். மாண்ட்ரூ ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஒரே ரயில், நடுவில் மாற வேண்டாம். பெரியவர்களோடு போகும்போது இது ஒன்றே பாதி நிம்மதி.

மலைநேசன்

எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. இவ்வளவு செலவு செய்து, விசா எடுத்து, அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு பனிமலை உச்சிகூட ஏறாமல் வருவதா? யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். 1912லேயே மலையைக் குடைந்து அங்கே ரயில் விட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தை அதைப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க மறக்காது. அம்மாவுக்காக ஏரி சரி, மகளுக்காக இரண்டு நாளாவது இண்டர்லாகன் பக்கம் ஒதுக்குங்கள். மறுபடி எப்போது போவீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

லோசான் குமரன்

வணக்கம் செந்தில். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக லோசானில் இருக்கிறேன், வேலை மாண்ட்ரூவுக்குப் பக்கத்து ஊர் வெவேயில். தினமும் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் ரயிலில் போய் வருகிறேன். எனவே கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். இங்கே "மோந்த்ரோ" என்று சொன்னால்தான் பேருந்து ஓட்டுநருக்குப் புரியும். இது பிரெஞ்சு பேசும் வோ மாகாணம். ஏரியை வெளியூர்க்காரர் ஜெனீவா ஏரி என்பார்கள், இங்கத்தைய ஆட்கள் லெமான் என்பார்கள். லோசானில் போய் "ஜெனீவா ஏரி" என்றால் முகம் கொஞ்சம் மாறும்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள், அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியம். மோந்த்ரோ ஒரு சரிவில் இருக்கிறது. கீழே ஏரி, ஏரியை ஒட்டி நடைபாதை, அதற்கு மேலே கிராந்த் ரூ என்ற பெருந்தெரு, அதற்கும் மேலே ரயில் நிலையம், அதற்குப் பின்னால் மலை. ஏரிக்கரை நடைபாதை முழுக்கச் சமதளம், வாகனம் கிடையாது, ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்ச் என்று சொல்லலாம். ஆனால் இணையத்தில் "ஏரிக் காட்சி, மலிவு" என்று போட்டிருக்கும் விடுதிகளில் பல நிலையத்துக்கு மேலே, படிக்கட்டுச் சந்துகளில் இருக்கும். காட்சி உண்மைதான், படியும் உண்மைதான். எனவே பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்: நிலையத்துக்குக் கீழே, பெருந்தெருவிலோ ஏரிக்கரையிலோ இருக்க வேண்டும், 201 பேருந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த 201 வெவேயிலிருந்து மோந்த்ரோ வழியாக ஷியோன் கோட்டையைத் தாண்டி வில்நெவ் வரை ஏரியோரமாகவே போகும். அம்மாவுக்கு எங்கே கால் வலித்தாலும் அங்கேயே ஏறித் திரும்பிவிடலாம்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. இந்தப் பகுதியில் விடுதியில் தங்கினால் ரிவியேரா கார்ட் தருவார்கள். நீங்கள் கட்டும் தங்கல் வரியிலிருந்து வருவதுதான் அது. அதைக் காட்டினால் உள்ளூர்ப் பேருந்துக்குக் காசு வேண்டாம், பல அருங்காட்சியகங்களில் கட்டணமும் குறையும். விடுதிக்காரர் மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

குளிர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வடக்கிலிருந்து வரும் காற்றை மலை மறைத்துவிடுவதால் இங்கே பனைச்சாதி மரமும் அத்தியும் மக்னோலியாவும் வளரும். ஆனால் மே மாதத்தில் மழை வரும், அதற்கு மனதைத் தயார் செய்யுங்கள். ஏரியில் இறங்கிக் குளிக்கவும் மே மாதம் சரிவராது, தண்ணீர் சில்லென்று இருக்கும்.

போரடிக்குமா என்று கேட்டீர்கள். இந்த ஏரி ஒரு நாளில் பலமுறை நிறம் மாறும். காலையில் எதிர்க்கரை பிரான்ஸ் மலைகள் நீரில் தலைகீழாகத் தெரியும், பகலில் பாலேறின பச்சை, மாலையில் ஈயம் மாதிரி. வேலை முடிந்து நிலையத்துக்குப் போகும்போது இன்றும் ஒரு நிமிடமாவது நிற்பேன்.

கோவை செந்தில்

குமரன் அண்ணா, மிக்க நன்றி. படிக்கட்டு விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் பார்த்து வைத்திருந்த விடுதி நீங்கள் சொன்ன மாதிரியே நிலையத்துக்கு மேலேதான் இருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன். மலைநேசன், நீங்கள் சொல்வதையும் ஒதுக்கவில்லை, மகளும் "பனி, பனி" என்கிறாள். யோசிக்கிறேன். ரயில் டிக்கெட்தான் தலைசுற்றுகிறது. சுவிஸ் டிராவல் பாஸ் எடுக்கலாமா, ஹாஃப் ஃபேர் கார்டு போதுமா?

ரயில் ரவி

ரயில் பற்றி நான் சொல்கிறேன். ஜெனீவா விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். பிரிக் போகும் நேரடி ரயில் லோசான், வெவே, மோந்த்ரோ வழியாகப் போகும், ஒரு மணி பத்து நிமிடம் மாதிரி ஆகும். போகும் திசையில் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான். லோசான் தாண்டியதும் இடது பக்கம் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகள், வலது பக்கம் தண்ணீர். அந்த இருபது நிமிடமும் போனை உள்ளே வையுங்கள். சாதாரண ரயில்களில் முன்பதிவு கிடையாது, எதில் இடம் இருக்கிறதோ அதில் ஏறலாம்.

பாஸ் பற்றி. தினமும் வெவ்வேறு ஊருக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் சுவிஸ் டிராவல் பாஸ் லாபம். உள்ளூர்ப் பேருந்து ரிவியேரா கார்டிலேயே முடிந்துவிடும் என்கிறபோது உங்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டு போதும் என்பது என் கணக்கு. ரயில், படகு, மலை ரயில் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். மகளுக்கு ஃபேமிலி கார்டு கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள். 6 முதல் 15 வயது வரை பெற்றோரோடு போகும்போது டிக்கெட் வேண்டாம். ஆனால் படகில் நிறையப் போகப் போகிறோம், ஷியோன் கோட்டை, அருங்காட்சியகம் என்று எல்லாம் பார்க்கப் போகிறோம் என்றால் டிராவல் பாஸில் அவையும் அடங்கும், அப்போது ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மோந்த்ரோவிலிருந்து இண்டர்லாகனுக்கு 2022 டிசம்பர் முதல் நேரடி ரயில் ஓடுகிறது, கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ். மோந்த்ரோ பக்கம் மீட்டர் கேஜ், இண்டர்லாகன் பக்கம் அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ். முன்பெல்லாம் ஸ்வைசிமன் நிலையத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். இப்போது அதே நிலையத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்து போகும்போதே சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மாறிவிடும், பெட்டியின் உயரமும் நடைமேடைக்கு ஏற்றபடி மாறும். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. நூறு வருடத்துக்கு மேல் மக்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம் இது. முழுத் தூரமும் மூன்று மணி நேரத்துக்கு மேல், அதனால் மலைநேசன் சொல்லும் யுங்ஃப்ராவை மோந்த்ரோவிலிருந்து ஒரே நாளில் போய் வருவது அம்மாவோடு நடக்காத காரியம்.

மாலதி சிங்கப்பூர்

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். நாங்களும் சைவம்தான், பக்கத்து ஊர் வெவேயில் ஆறு நாள் இருந்தோம்.

சமையலறை உள்ள வீடு எடுங்கள். இது செலவு மிச்சத்துக்காக மட்டும் சொல்வதில்லை. நாலு நாள் ரொட்டியும் சீஸும் தின்ற பிறகு அம்மாவுக்கு ஒரு வாய் ரசம் சாதம் கொடுத்தால் முகமே மாறிவிடும், எங்கள் வீட்டில் பார்த்தேன். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் மிக்ரோ, கோப் கடைகளில் கிடைக்கும். ரசப்பொடி, சாம்பார்பொடி, புளி கையில் கொண்டு போங்கள். நெய், பால் பொருள் எதுவும் கொண்டு போகக் கூடாது, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைச் சுங்கத்தில் விட மாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதை, சான்றிதழ் இல்லாமல் செடி, இலை அனுமதி இல்லை. வெண்ணெய் அங்கே அருமையாக இருக்கும், வாங்கி உருக்கினால் பத்து நிமிடத்தில் நெய். அந்த வாசனையில் என் மாமியார் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

ஃபோண்ட்யூ (உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பது) சாப்பிட ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், வெள்ளை ஒயின் ஊற்றித்தான் செய்வார்கள், செர்ரி சாராயமும் சேர்ப்பதுண்டு. அம்மா சாப்பிட மாட்டார் என்றால் முன்பே கேளுங்கள். கிரூயேர் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும், கண்டிப்பான சைவர்களுக்கு அது ஆகாது. ரோஷ்டி என்ற உருளைக்கிழங்கு அடை பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், பன்றி இறைச்சி போடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

வெவேயில் செவ்வாய், சனி காலையில் ஏரியோரப் பெரிய சதுக்கத்தில் சந்தை. மே மாதத்தில் அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரி, கீரை வந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெருவில் இருக்கும் நீரூற்றிலேயே குடிக்கலாம், குடிக்கக் கூடாத இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள்.

லோசான் குமரன்

மாலதி அக்கா சொன்னதோடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டு. சனிக்கிழமை மாலையே பால், காய்கறி வாங்கி வையுங்கள், அவசரத்துக்கு ரயில் நிலையக் கடை திறந்திருக்கும். மே மாதத்தை ஒட்டி ஏசு விண்ணேற்ற வியாழனும் பெந்தெகொஸ்தே திங்களும் வரும், அந்த நாட்களும் விடுமுறைதான்.

இப்போது என் மனதுக்குப் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். வெவேக்கு மேலே கோர்சியே என்ற சிறிய ஊர், அங்கே சார்லி சாப்ளின் வாழ்ந்த வீடு. 1952ல் அவர் கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருக்கும்போதே, திரும்பி அமெரிக்காவுக்குள் வர அவருக்கு இருந்த அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். நாற்பது வருடம் உழைத்த நாடு கதவைச் சாத்தியது. 1953 தொடக்கத்தில் மனைவி ஊனா, பிள்ளைகளோடு இந்த வீட்டுக்கு வந்தார். 1977 கிறிஸ்துமஸ் அன்று இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். 2016லிருந்து அருங்காட்சியகமாக இருக்கிறது. கீழே வெவே ஏரிக்கரையில் அவருக்குச் சிலை, தொப்பியும் கைத்தடியுமாக, ஏரியைப் பார்த்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் எட்டு மீட்டர் உயர முள்கரண்டி ஒன்று நட்டிருப்பார்கள், உணவு அருங்காட்சியகத்தின் அடையாளம், பிள்ளைக்குப் பிடிக்கும்.

நானும் திரும்பிப் போக முடியாத ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தவன்தான். முதல் முதலில் அந்த வீட்டின் புல்வெளியில் நின்றபோது, உலகத்துக்கே தெரிந்த ஒரு மனிதரும் இதே மலையைப் பார்த்துக்கொண்டு பழகியிருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று எழுதத் தெரியவில்லை. பெரிய பெரிய மரங்கள் உள்ள பூங்கா, பெஞ்ச் உண்டு, அம்மா வெளியே உட்காரலாம். பாதி நாள் ஒதுக்குங்கள்.

லாவோ திராட்சைத் தோட்டங்களையும் விடாதீர்கள். லோசானுக்கும் மோந்த்ரோவுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சரிவு முழுக்கக் கல்சுவர் கட்டி அடுக்கடுக்காகத் தோட்டம், 2007ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்பி வருவது ஒன்று, பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் விடுகிற கல்சுவர் ஒன்று. மாலை ஆறு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அடுப்பை அணைத்த பிறகு கல் சுடுவது போல இருக்கும். நடக்க முடியாதவர்களுக்காக ஷெப்ர், லூட்ரி பக்கத்திலிருந்து சின்ன சுற்றுலா வண்டி தோட்டங்களுக்கு நடுவே போகும், எந்த நாளில் ஓடும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைநேசன்

ரயில் ரவி சொன்ன நேரக் கணக்கைப் பார்த்த பிறகு யுங்ஃப்ராவை விட்டுவிடுகிறேன், அது சரிதான். ஆனால் குழந்தைக்குப் பனி காட்ட இரண்டு வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று, மோந்த்ரோ நிலையத்திலிருந்தே ஏறும் பல்சக்கர ரயில், ரோஷே-த-நே, 2,042 மீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. மே மாதக் கடைசியில் மேலே திட்டுத்திட்டாகப் பனி கிடக்கும், கீழே மொத்த ஏரியும் தெரியும். இன்னொன்று, ஏக்ல் வழியாக லே தியாப்லரே போய், அங்கிருந்து பேருந்தும் கேபிள் காரும் பிடித்தால் கிளேசியர் 3000 என்ற பனிமலை. இரண்டு சிகரத்துக்கு நடுவே 107 மீட்டர் தொங்கு பாலம் இருக்கிறது. அது கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர், அம்மாவுக்கு மூச்சு வாங்கலாம், டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். அப்பாவும் மகளும் மட்டும் ஒரு நாள் போய் வரலாமே.

பழனி தமிழாசிரியர்

ஒரு வரலாற்றுத் தகவல், பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 201 பேருந்து போய் நிற்கும் வில்நெவ் ஊரில்தான் எழுத்தாளர் ரொமேன் ரோலந்து குடியிருந்தார். 1931 டிசம்பரில், லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் காந்தி அவரைப் பார்க்க அங்கே வந்து ஐந்து நாள் தங்கினார். லோசானிலும் ஜெனீவாவிலும் கூட்டங்களில் பேசினார். புறப்படுவதற்கு முந்தைய மாலை ரோலந்து அவருக்காகப் பியானோவில் பீத்தோவனை வாசித்தார். டிசம்பர்க் குளிரில், அரை வேட்டியும் போர்வையுமாக அந்த ஏரிக்கரையில் அவர் நடந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நேருவின் மனைவி கமலா 1936ல் காலமானதும் இதே ஏரிக்கரை லோசானில்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தத் தலைமுறைக்கு இது வெறும் வெளிநாடாகத் தெரியாது.

கோவை செந்தில்

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு இப்படி யோசித்திருக்கிறோம். பெருந்தெருவில் சமையலறையோடு ஒரு வீடு, ஏழு இரவும் அதிலேயே. இறங்கிய நாள் ஒன்றுமே இல்லை. மறுநாள் ஏரிக்கரை நடை, ஷியோன் கோட்டை. அடுத்த நாள் ஓய்வு. அப்புறம் சனிக்கிழமை வெவே சந்தை, மதியம் சாப்ளின் வீடு. ஒரு நாள் லாவோ, படகில் திரும்புவது. ஒரு நாள் நானும் மகளும் பனிக்கு, மனைவியும் அம்மாவும் கரையில். ஒரு நாள் முழுக்கக் காலி. விசாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, முப்பதாயிரம் யூரோ மருத்துவக் காப்பீடும் எடுத்தாகிவிட்டது, அம்மாவின் மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். ஏதாவது தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

லோசான் குமரன்

நல்ல திட்டம். இரண்டு திருத்தம் மட்டும். ஷியோன் கோட்டைக்கு மோந்த்ரோவிலிருந்து நடை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். போகும்போது அம்மாவைப் பேருந்தில் அனுப்புங்கள், திரும்பும்போது அவருக்கு முடிந்த தூரம் எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். கோட்டைக்குள் படியும் மேடுபள்ளமான கல்தரையும் நிறைய, அம்மா கீழ்த்தளச் சிறையை மட்டும் பார்த்தால் போதும். பொனிவார் என்பவரை 1536ல் பெர்ன் படை வந்து மீட்கும் வரை நாலு வருடம் தூணில் கட்டி வைத்திருந்த இடம் அது. 1816ல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்து பார்த்துவிட்டு அவரைப் பற்றிக் கவிதை எழுதினார். ஒரு தூணில் பைரனின் பெயர் செதுக்கியிருக்கும், மேலே கண்ணாடி போட்டிருப்பார்கள்.

படகைப் பொறுத்தவரை நேர அட்டவணையில் சக்கரப் படகு எது என்று பார்த்து அதிலேயே ஏறுங்கள். நூறு வருடம் தாண்டிய கப்பல்கள், லா சுவிஸ் 1910, மோந்த்ரோ என்ற பெயரிலேயே ஒன்று 1904. இவை நீராவியில் ஓடுபவை. நடுத்தளத்தில் நின்றால் கீழே இயந்திரம் திறந்தபடி தெரியும், பிள்ளையை அங்கே நிறுத்துங்கள்.

அப்புறம், கேட்காமலே சொல்கிறேன்: மே நடுப்பகுதியிலிருந்து மோந்த்ரோவுக்கு மேலே லேசாவான் புல்வெளிகளில் காட்டு நார்சிஸஸ் பூக்கும். மே மாதத்துப் பனி என்று சொல்வார்கள். அந்தந்த வருடத்து வெயிலைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். நிலையத்தில் இறங்கி அதிக தூரம் நடக்கத் தேவையில்லை.

கோவை செந்தில்

போய் வந்து பத்து நாள் ஆகிறது. இந்த இழையில் எழுதியவர்களுக்குக் கணக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாள் மாலை எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. அம்மா ஷால் போர்த்திக்கொண்டு ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே மலை உச்சியில் மட்டும் வெயில், கீழே எல்லாம் நீல நிழல். ஒரு அன்னம் கரைக்கு வந்து கற்களுக்கு இடையில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. அம்மா முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்திருக்கும்போது "உங்க அப்பா இருந்தா இந்நேரம் அந்த மலைக்கு என்ன பேருன்னு நாலு பேரைக் கேட்டிருப்பார்" என்றார். அவ்வளவுதான். அப்பா போனதிலிருந்து அம்மா தானாக அவரைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷியோனில் அம்மா சிறைக்கூடம் வரை இறங்கினார், கைப்பிடித்துத்தான். நாங்கள் போனது பிற்பகல். சின்ன ஜன்னல் துவாரம் வழியாக ஏரியில் பட்ட வெயில் உள்ளே வந்து வளைந்த கூரையில் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. பைரன் பெயரைவிட அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நடுவில் இரண்டு நாள் விடாத மழை. திட்டத்தில் இருந்த லாவோ வண்டி போகவில்லை. வேறு பயணமாக இருந்தால் பதறியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கரையே தெரியவில்லை, அம்மா வெண்ணெய் உருக்கி ரசம் வைத்தார், மகள் தரையில் படுத்து சாப்ளின் படம் வரைந்தாள். மறுநாள் மழை விட்டபோது லாவோ பக்கத்து ஊர் ரிவாவில் இறங்கி, கல்சுவர் ஓரமாக நானும் மனைவியும் ஒரு மணி நேரம் நடந்தோம். குமரன் அண்ணா சொன்ன மாதிரி சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இளஞ்சூடு.

ரோஷே-த-நேயில் மகள் பனியைக் கையில் அள்ளிக் குடிநீர் பாட்டிலில் அடைத்துக்கொண்டாள், "பாட்டிக்கு" என்று. கீழே வருவதற்குள் தண்ணீராகிவிட்டது. பாட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலைநேசன், நீங்கள் விடாமல் சொல்லியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது, நன்றி.

லா சுவிஸ் கப்பலில் இயந்திரத்துக்கு மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் இறங்கும் வரை வரவே இல்லை. ஆள் உயர எஃகுத் தண்டுகள் எண்ணெய் மினுங்க மேலும் கீழும் போய் வருகின்றன, ஒரு மனிதர் அவற்றுக்கு நடுவே நின்று எண்ணெய் விடுகிறார், சூடான எண்ணெய் வாசனை மேலே வருகிறது.

ஒரே ஒரு இடத்தில் சிரமப்பட்டோம். வீட்டுக்காரர் லிஃப்ட் உண்டு என்றார், இருந்தது, ஆனால் தெருவிலிருந்து லிஃப்ட்டுக்குப் போகவே ஒன்பது படி. வீடு எடுப்பவர்கள் வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள்.

வானதி பெங்களூர்

செந்தில், படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அடுத்த வருடம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நேற்றே வீட்டில் பேசினோம். அவருக்கும் கால் வலிதான். அம்மா உட்கார்ந்த அந்த பெஞ்ச் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா?

கோவை செந்தில்

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள் அக்கா. சந்தை மண்டபத்துக்குக் கீழே, ஏரிக்கரையில், கையை உயர்த்தி நிற்கும் பாடகர் ஃப்ரெடி மெர்குரி சிலை இருக்கிறது. தண்ணீரைப் பார்த்து நின்றால் இடது பக்கம், ஷியோன் போகும் திசையில் மெதுவாக நடங்கள். கூட்டம் குறையும் இடத்தில் பெஞ்சுகள் வரும். மாலை ஏழு மணிக்குப் பிறகு போங்கள், கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, அதற்குள் குளிர் ஏறிவிடும்.